ஏழாம் குழி அழுகுணி

ஜூன் 2

நான் டயரி எழுதுகிற ஆள் இல்லை. ஐஸ் கம்பெனி நடத்துகிறவனுக்கு எழுத என்ன இருக்கிறது? இன்று ஐஸ் வைத்தேன், கரைந்தது. அவ்வளவுதான். ஆனால் ஆராய்ச்சி என்று இறங்கிவிட்டால் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டுமாம். அதனால் எழுதுகிறேன்.

ஆராய்ச்சிக்குரிய கேள்வி: கீழே கிடக்கிற கோல்ஃப் பந்தைக் காற்று தானாகத் தள்ளுமா, தள்ளாதா?

தள்ளும். எனக்குத் தெரியும். ஊருக்குத்தான் தெரிய வேண்டும்.

இடம்: சிப்பித்தேரி கோல்ஃப் கிளப், ஏழாம் குழி. கோல்ஃப் என்றதும் டிவியில் பார்க்கிற பச்சைக் கம்பளம், குளம், வாத்து எல்லாம் நினைத்துக்கொண்டு யாரும் இங்கே வர வேண்டாம். இது கடற்கரைத் தேரி, செம்மணல் மேடு. வெள்ளைக்காரன் தன் ஊர் ஞாபகத்தில் மணல்மேட்டின் மேல் ஒன்பது குழி வெட்டிவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டான். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உடைமுள் மண்டிய உடங்காடு, நடுவில் கிளப் வேலையாள் வடிவம்மாளின் ஆடுகள். ஆடு தின்றது போக மிச்சம்தான் புல். மேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று அடித்தால் பந்து எங்கே விழுந்தது என்று தெரியாது. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் பந்தே இருக்காது. நேராக அடித்தால் காற்று வளைக்கும். காற்றுக்காக வளைத்து அடித்தால் அன்றைக்கென்று பார்த்துக் காற்று நின்றுவிடும். காக்கா பந்தைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன செய்வது என்று தனி விதியே எழுதிக் கிளப் வாசலில் ஒட்டியிருக்கிறோம். வேறு எந்த ஊரில் இந்தக் கூத்து உண்டு?

இன்று நல்ல கச்சான் காற்று. மேற்கே இருந்து வந்து ஆளையே சாய்க்கிறது. நாளை தொடங்கலாம்.

ஜூன் 3

பின்கதையையும் எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாரும் என்னைக் கிறுக்கன் என்று சொல்லிவிடக் கூடாது.

நாலு வருஷத்துக்கு முந்தி எங்கள் கிளப்பின் சவேரியார் கோப்பை. ஜோடி ஆட்டம், ஒரே பந்தை இருவரும் மாறி மாறி அடிக்க வேண்டும். எனக்கு ஜோடி என் மனைவி பெனடிக்டாவின் அண்ணன், ரெமிஜியுஸ் மச்சாது. ஊருக்கு அவர் மச்சாது, எனக்கு மச்சாது மச்சான். பஜாரில் பேக்கரி வைத்திருக்கிறார். அவர் கடை மக்ரூனுக்குத் திருநெல்வேலியிலிருந்தெல்லாம் ஆள் வரும். நியாயஸ்தர். முந்திரி நிறுத்துப் போட்டால் ஒரு பருப்பு கூடவும் விழாது, குறையவும் விழாது.

கோப்பை எங்கள் கைக்கு வந்தாகிவிட்டது என்கிற நிலையில் ஏழாம் குழி. குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய கிரீனுக்கு ஒரு சாண் வெளியே பந்து கிடக்கிறது. அடிப்பது என் முறை. மட்டையைப் பந்துக்குப் பின்னால் கொண்டு போனேன். பந்து ஒரு விரல் உருண்டது. காற்று! கடல் பக்கத்துக் காற்று வேறு என்ன செய்யும்?

மச்சான், என் சொந்த ஜோடி, கையைத் தூக்கினார். "இவரு மட்டையால தொட்டுட்டாரு. எங்களுக்கு ஒரு தண்ட அடி போட்டுக்கிடுங்க."

நான் காத்து, காத்து என்று கத்தினேன். அவர் மொத்தக் கிளப்பும் கேட்கும்படி சொன்னார்: "அழுகுணி ஆட்டம் ஆடாதீரும் வே."

அந்த ஒரு அடியில் கோப்பை போயிற்று. கோப்பை போகட்டும். பித்தளைதான். ஐம்பது வயதைத் தாண்டியவனை, நாலு பேர் பார்க்க, அழுகுணி என்று சொல்லலாமா? அன்றோடு அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. அவரும் கிளப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஜூன் 5

பந்தை அதே இடத்தில் வைத்தேன். சாட்சிக்கு வடிவம்மாள். கிளப்பில் புல்லுக்குத் தண்ணீர் விடுவது, மணலைச் சமன் செய்வது, ஆடு மேய்ப்பது எல்லாம் அவள்தான்.

காற்று என் தொப்பியைக் கடலுக்குக் கொண்டு போயிற்று. ஏழாம் குழிக் கொடியைக் கம்போடு சாய்த்தது. ஓர் ஆட்டுக்குட்டியை நடந்துகொண்டிருந்த திசையிலிருந்து வேறு திசைக்கு மாற்றியது. பந்து நகரவில்லை.

"எல்லாத்தையும் தள்ளுது ஐயா, இத மட்டும் தள்ள மாட்டேங்கு. அதுக்கு உங்க மேல என்ன கோவமோ" என்றாள் வடிவம்மாள்.

ஜூன் 8

வீட்டில் குண்டு விழுந்தது. மகள் ஜெரால்டினுக்கு அடுத்த மாதம் ஏழாம் தேதி கல்யாணம். மாப்பிள்ளை நாகர்கோவில். மண்டபம், பேண்டு வாத்தியம் எல்லாம் பேசியாகிவிட்டது. இன்று சாப்பிடும்போது சொல்கிறாள்:

"டாடி, மாமாதான் என் கையப் பிடிச்சிக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போணும். அவிய வரலைன்னா நான் வாசல்லயே நிப்பேன். சாமியார வெளிய வந்து கல்யாணத்த நடத்தச் சொல்லுங்க."

எங்கள் வழக்கத்தில் தாய்மாமன்தான் மணப்பெண்ணைக் கைபிடித்து அழைத்து வருவார். அந்தத் தாய்மாமனைப் பெண்ணின் தகப்பன் தட்டில் பத்திரிகையும் பழமும் வைத்து, அவர் வீட்டுக்கு நேரில் போய் அழைக்க வேண்டும். தபாலில் அனுப்ப முடியாது. வாட்சப் கூடவே கூடாது.

"அழுகுணின்னு சொன்ன வாயால அது காத்துதான்னு சொல்லட்டும். தட்டோட போறேன்" என்றேன்.

பெனடிக்டா எழுந்து போய்விட்டாள். மீன் குழம்பு அப்படியே இருந்தது.

ஆக, பந்து நகர்ந்தால் வடிவம்மாளைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போய் அவரை ஒத்துக்கொள்ள வைத்து, கையோடு பத்திரிகையையும் கொடுத்துவிடலாம். காற்றை நம்பித்தான் என் மகள் கல்யாணம் இருக்கிறது.

ஜூன் 9

பலத்த காற்று. நகரவில்லை. பந்து புதுசு. புதுப் பந்து கனமாக இருக்கும்.

ஜூன் 12

பழைய பந்து. நகரவில்லை. பழைய பந்தில் அழுக்குப் பிடித்திருக்கும், மணலோடு ஒட்டிக்கொள்ளும்.

சாயந்திரம் பெனடிக்டா காப்பிக்கு மக்ரூன் வைத்தாள். டப்பாவில் கடைப் பெயர் இருந்த இடம் மட்டும் கிழிந்திருந்தது. எந்தக் கடை என்றேன். "புதுசாத் தொறந்திருக்கான்" என்றாள். வாயில் போட்டதும் கரைகிறது. மச்சாது கடைக்குச் சரியான போட்டி. அவர் இனிக் கடையைப் பூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். மனதுக்கு நிறைவாக இருந்ததால் ஏழெட்டுத் தின்றேன்.

ஜூன் 15

இன்று அடித்த பந்து நேராக மாமியாரிடம் போய்விட்டது.

மாமியார் என்பது ஏழாம் குழிக்கு முன்னால் இருக்கிற பங்கர். இரண்டு வருஷத்துக்கு முந்தைய புயலில் மணல் பறிந்து உண்டான பள்ளம். ஆள் இறங்கினால் தலை தெரியாது. சுவரில் கை வைத்தால் பொலபொலவென்று உதிரும். உள்ளே போன பந்தை என்ன கெஞ்சினாலும் திருப்பித் தராது. அதனால் நான்தான் அந்தப் பெயர் வைத்தேன். கிளப் முழுக்க அதே பெயர் நிலைத்துவிட்டது. என் மாமியார் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. நல்ல மனுஷி, ஆனால் கடன் கொடுத்த வாளியைக்கூட அவரிடமிருந்து திரும்ப வாங்கினவர்கள் கிடையாது. மச்சானுக்கு இந்தப் பெயர் தெரியாது. பள்ளம் வருவதற்கு முன்பே அவர் கிளப்பை விட்டுப் போய்விட்டாரே.

ஜூன் 19

நகரவில்லை. வடிவம்மாள் ஆட்டுக்கு உடங்காய் உலுக்கிப் போட்டுவிட்டு வந்து கேட்கிறாள்: "ஐயா, கோவப்படாதீய. அண்ணைக்கி மட்டை லேசாப் பட்டிருக்குமோ?"

கோபப்பட்டேன். ஆடு மேய்க்கிற வேலையைப் பார்க்கச் சொன்னேன்.

"ஆடு தானா மேயுது ஐயா. உங்களத்தான் பாக்க வேண்டியிருக்கு" என்றாள்.

சாட்சியை மாற்ற வேண்டும்.

ஜூன் 22

பத்திரிகை எல்லோருக்கும் கொடுத்தாகிவிட்டது. ஒன்றே ஒன்று பெயர் எழுதாமல் மேசையில் கிடக்கிறது. நான் போகிற இடமெல்லாம் அதுவும் வருகிறது. காலையில் செய்தித்தாளுக்கு அடியில், மத்தியானம் என் தட்டுக்குப் பக்கத்தில்.

சாப்பாட்டில் உப்பில்லை. உப்பளம் சூழ்ந்த ஊரில் உப்பில்லாமல் சாப்பிடுகிறேன். கேட்டதற்குப் பெனடிக்டா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

"எங்கம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல. எம் பக்கத்துக்குன்னு இருக்கது எங்கண்ணன் ஒருத்தர். அவுக இல்லாம நடந்தா எம்மக கல்யாணத்துல நான் விருந்தாளி மாதிரி நிப்பேன், பாத்துக்கிடுங்க."

ஒன்றும் ஓடவில்லை. காரை எடுத்துக்கொண்டு பஜார் வரை போனேன். டயருக்குக் காற்றுப் பார்க்கத்தான். பேக்கரித் திருப்பத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். பத்திரிகையும் தட்டும் எப்படியோ பின் சீட்டில் கிடந்தன. டயரில் காற்று சரியாகத்தான் இருந்தது.

ஜூன் 26

படுக்கையில் கிடந்தபடி எழுதுகிறேன். கணுக்கால் பூசணிக்காய் போல வீங்கியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத வேண்டும்.

பெனடிக்டாவும் ஜெரால்டினும் பட்டெடுக்க நாகர்கோவில் போயிருந்தார்கள். நான் ஏழாம் குழிக்கு வந்தேன். பந்து மாமியாருக்குள் விழுந்தது. இறங்கி அடித்தேன். வரவில்லை. மறுபடி அடித்தேன். மணல் வந்தது, பந்து வரவில்லை. வெறியில் சுழற்றியதில் கால் மடங்கி அப்படியே மல்லாந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. வடிவம்மாளே, வடிவம்மாளே என்று கத்தினேன்.

அவள் வந்து எட்டிப் பார்த்தாள். இந்தக் கனத்தைத் தனியாகத் தூக்க முடியாது என்று உடனே சொல்லிவிட்டாள். மேலே என் பையிலிருந்த போனை எடுத்து, ஒன்றாம் எண்ணை அமுக்கிப் பிடிக்கச் சொன்னேன், யாராவது கிடைப்பார்கள் என்று. ஒன்றில் இருப்பது மச்சான் நம்பர். அழிக்கத் தெரியாமல் விட்டது. போன வருஷம் புதுப் போன் வாங்கியபோதும் எப்படியோ கூடவே வந்துவிட்டது. இந்தப் போன்களில் ஒன்றும் விளங்குவதில்லை.

காற்று காதைக் கிழித்தது. அவள் கத்தியது இவ்வளவுதான்: "ஐயா மாமியார்கிட்ட போய்ச் சேந்துட்டாவ! ... ஆமா, ஏழாங்குழியில! ... இல்ல, எந்திரிக்கல! தூக்குததுக்கு ஆள் வேணும், வெரசா வாங்க!"

உள்ளே கிடந்த எனக்கு அதில் தப்பாக ஒன்றும் படவில்லை.

வெயில் சுள்ளென்று அடித்ததால் என் முகத்தின் மேல் ஈரத் துண்டை விரித்துப் போட்டுவிட்டு, கயிறும் கடுங்காப்பியும் கொண்டுவரக் கிளப்புக்குப் போனாள். கண் அசந்துவிட்டது போல.

வேன் சத்தம் கேட்டது. யாரோ மணலில் சறுக்கிச் சறுக்கி ஓடி வருகிற சத்தம். பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்றது. பிறகு ஓர் அலறல். குரல் யாருடையது என்று முதல் எழுத்திலேயே தெரிந்துவிட்டது. துண்டை எடுக்கக் கையைத் தூக்கப் போனேன். அதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"ஐயோ மச்சான்! எங்கம்மாகிட்டயே போய்ச் சேந்துட்டீரா! உசுரோட இருந்தப்ப அவள ஒருநாள் நிம்மதியா இருக்க விட்டீரா! இப்ப அங்கயும் போயிட்டீரே வே!"

கை அப்படியே நின்றுவிட்டது.

"நாலு வருசம் வே! ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் பூசையில உம்ம பின்மண்டையவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். ஒருநாள், ஒரே ஒருநாள் திரும்பிப் பாத்தீரா? அந்த வழுக்க எம்புட்டு வளந்திருக்குன்னு உமக்கே தெரியாது, எனக்குத் தெரியும்!"

மனிதர் விம்மி விம்மி அழுதார். ரொட்டி வாசனை கீழே வரை வந்தது. மாவு பிசைந்த கையோடு ஓடி வந்திருக்கிறார். எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்போது சொன்னார்:

"காத்துதான் வே! காத்துதான் தள்ளிச்சி! நீரு தொடல! நான் ஒத்துக்கிடுதேன், எந்திரியும்!"

எப்படி எழுவேன்? நாலு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. இன்னொரு தரம் சொல்லட்டும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். அதுதான் தப்பாகப் போயிற்று. என்னைக் கட்டிப் பிடித்து அழுவதற்காக மனிதர் மேலேயிருந்து சறுக்கிக்கொண்டு வந்தார். அவர் முழங்கால் நேராக என் கணுக்காலில் இறங்கியது.

"அம்மாடீ!" என்று அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். மச்சான் "யேசுவே!" என்று சிலுவை போட்டுக்கொண்டு மணல் சுவரோடு ஒட்டினார். கன்னத்தில் மாவு, மாவின் மேல் கண்ணீர், அதன் மேல் செம்மணல்.

"இப்ப யாரு வே அழுகுணி?" என்றேன்.

என் ஈரத் துண்டை எடுத்து என்னையே அடித்தார். நாலைந்து அடி பலமாகவே விழுந்தது. அப்புறம் மூச்சு வாங்க என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காத்துதான்னு சொன்னீரு. என் காதால கேட்டேன்."

"அது செத்தவருக்குச் சொன்னது. உசுரோட இருக்கவருக்குச் செல்லாது."

"நான் கேட்டேனே!"

"பொணத்துக்கு ஏது வே காது?"



வடிவம்மாள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று விளக்க வேண்டி வந்தது. பள்ளத்தின் பெயரைச் சொன்னேன். "எங்கம்மா பேரையா இந்தக் குழிக்கு வச்சீரு?" என்று மறுபடி துண்டை ஓங்கினார். பிறகு சுற்றி ஒருமுறை பார்த்தார். ஏறிப் பார்த்தார், சறுக்கி விழுந்தார். இன்னொரு தரம் ஏறினார்; இன்னொரு தரம் விழுந்தார். தோளைக் குலுக்கிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "பொருத்தமாத்தான் வச்சிருக்கீரு. அவளும் லேசுல விட மாட்டா."

சிரித்து முடித்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பழம் கிடையாது, தட்டும் பத்திரிகையும் காரின் பின் சீட்டில். ஆனாலும் கேட்டேன்.

"ஏழாந்தேதி ஜெரால்டினுக்குக் கல்யாணம். நீரு வந்து கையப் பிடிச்சிக் கூட்டிட்டு வரணும். நீரு வராம நடக்காது, மச்சான். எனக்கும் நடக்காது."

"தேதி எனக்குத் தெரியாதாக்கும்? கேக்குக்கு ஆர்டர் எடுத்து ஒரு மாசம் ஆச்சி. மக்ரூனு வாரா வாரம் யாருக்கு அனுப்புதேன்னு நெனைச்சீரு?"

மக்ரூனா!

வடிவம்மாள் கயிறோடு எட்டிப் பார்த்தாள். உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "நான் ஒருத்தருக்குத்தான் காப்பி கொண்டாந்தேன்" என்றாள். பாதிப் பாதி குடித்தோம்.

தேரி மணல் பொல்லாதது. ஈரத் துண்டு மூடியிருந்தும் எப்படியோ கண்ணுக்குள் போய்விட்டது. வீட்டுக்கு வரும்வரை தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

ஜூன் 27

தட்டு, பழம், பத்திரிகை. கம்பு ஊன்றிக்கொண்டு போய் அழைத்துவிட்டு வந்தேன். இரவுச் சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தது.

ஜூலை 7

மாமா கையைப் பிடித்துக்கொண்டு ஜெரால்டின் கோயிலுக்குள் வந்தாள். நான் நொண்டிக்கொண்டு பின்னால். பெனடிக்டா தன் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்ற நிற்பை நான் இந்த நாலு வருஷத்தில் பார்த்ததில்லை. எவ்வளவு நாளைத் தின்றுவிட்டேன் என்று நினைத்தபோது சாமியார் பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை.

கேக்கு ஏழாம் குழி மாதிரியே செய்திருந்தார். கொடி, சர்க்கரை மணல், பள்ளம். நாகர்கோவில்காரர்கள் இது என்ன கிணறா என்று கேட்டார்கள். சின்ன வெள்ளைப் பந்து ஒன்று. கிரீனுக்கு ஒரு சாண் வெளியே, மிகச் சரியான இடத்தில். இந்த மனிதர் எதையும் மறக்கிற ஜாதி இல்லை.

அக்டோபர் 12

கால் சரியாகி முதல் ஆட்டம். நானும் மச்சானும் மட்டும். பழைய மாதிரி ஒரே பந்து, மாறி மாறி.

கச்சான் காற்று போய்விட்டது, வாடைக் காற்று இன்னும் வரவில்லை. நடுவில் இப்படிச் சில நாள் கடல் எண்ணெய் போலக் கிடக்கும். சிப்பித்தேரியில் காற்றில்லாமல் ஆடுவது சட்டையில்லாமல் நிற்பது போல இருக்கிறது. எதன் மேல் பழி போடுவது?

ஏழாம் குழியில் பந்து கிரீனுக்கு வெளியே நின்றது. அடிப்பது என் முறை. குனிந்து, மட்டையைப் பின்னால் கொண்டு போனேன். பந்து ஒரு விரல் உருண்டது.

நிமிர்ந்தேன். கொடி கம்போடு ஒட்டிக்கொண்டு தூங்கியது. வடிவம்மாள் அவசரமாக ஆட்டைக் கூப்பிடப் போய்விட்டாள்.

மச்சான் பந்தைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். பிறகு கடல் பக்கம் திரும்பி, தொப்பியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"காத்து பலமா இருக்கு, மச்சான்" என்றார்.

நானும் என் தொப்பியைப் பிடித்துக்கொண்டேன்.